பில் கேர்னிக் கோட்டையின் வரலாறு

அரணின் இலக்கணம் கூறவந்த திருவள்ளுவனார், தண்ணீர், வெளிநிலம், மலை, அடர்காடு ஆகிய நான்கும் வாய்ந்ததே அரண் என்றும், எத்துணைச் சிறப்பு வாய்ப்பினும் உள்ளிருப்போர்பால் செயற்றிறம் இல்லையேல் அஃது அரணாகாது என்றும் வகுத்தருளினார். அவ்வுண்மைக்குக் கடல் கடந்த நாட்டினின்றும் ஒரு சான்று காட்டுவாம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்றிசை எல்லையில் இரண்டே ஆண்டுகள் நின்று அழிந்த பில் கேர்னிக் கோட்டையே அது.

மான்டானாப் பகுதியிற் பொன் கிடைத்த செய்தி பரவவே, அதனை நாடிச் செல்வோர்க்கு 1863-ஆம் ஆண்டில் ஜான் போஸ்மன் என்பார் ஒரு குறுக்கு வழி கண்டார். அவ்வழி, லகோத்தா, ஷையன், அரபாஹோ என்னும் பூர்வகுடிகள் காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த பவுடர் ஆற்று நாட்டை ஊடறுத்துச் சென்றது. 1866 ஜூன் மாதம் லாரமிக் கோட்டையில் துரைத்தனத் தூதர் அக்குடிகளோடு சமாதானம் பேசிக்கொண்டிருக்கையிலேயே, வழியைக் காக்கக் கோட்டைகள் கட்டும்பொருட்டுக் கர்னல் ஹென்றி காரிங்டன் படையுடன் வந்து சேர்ந்தார். இசைவு பெறுமுன்னரே படை வந்தமை கண்டு வெகுண்ட லகோத்தாத் தலைவர் ரெட் கிளவுட், அவையினின்றும் அகன்றார். செம்முகில் என்பது அப்பெயரின் பொருள்.

ஜூலை மாதம் பிக்ஹார்ன் மலையடிவாரத்தில், பைனி என்னும் பெயருடைய இரண்டு ஓடைகளுக்கு இடையே கோட்டை எழலாயிற்று. பதினோரடி நீள மரங்களை மூன்றடி ஆழம் புதைத்து மதில் அமைத்தனர். நீரும், நிலமும், மலையும் அணித்தே இருந்தன. காடு மட்டும் சில மைல் தொலைவில் இருந்தது. கட்டட மரத்திற்கும் விறகிற்கும் நாள்தோறும் வண்டிகள் மதிலுக்கு வெளியே செல்லவேண்டியதாயிற்று. பூர்வகுடி வீரர் கோட்டையைத் தாக்காது அவ்வண்டிகளையே தாக்கினர். மதில் எவ்வளவு வலிதாயினும் விறகு வண்டியை அது காக்கமாட்டாதன்றோ?

1866 டிசம்பர் 21-ஆம் நாள் விறகு வண்டிகளை மீட்கக் காப்டன் வில்லியம் பெட்டர்மன் சென்றார். லாட்ஜ் டிரெயில் என்னும் மலைமுகட்டைக் கடக்கலாகாதென்று கட்டளையிட்டிருந்ததாகக் காரிங்டன் பின்னர்க் கூறினார். சிலர் தோற்றோடுவார்போல் முன்னே ஓட, பெட்டர்மன் படை அவரைத் தொடர்ந்து முகட்டைக் கடந்து, பதுங்கியிருந்த பெருஞ்சேனையின் நடுவே அகப்பட்டது. சென்ற 81 பேரில் ஒருவரும் மீண்டிலர். அன்றிரவே ஜான் பிலிப்ஸ் என்பார் உதவி நாடிப் புறப்பட்டு, கடும்பனியில் ஏறக்குறைய 236 மைல் கடந்து, டிசம்பர் 25 இரவு லாரமிக் கோட்டையை அடைந்தார்.

1867 ஆகஸ்டு 2-ஆம் நாள் நிகழ்ந்த போரில், வண்டிப்பெட்டிகளை அரணாக்கிய 32 பேர் புதுவகைத் துப்பாக்கிகளாற் பெருந்தாக்குதலை எதிர்த்து நின்றனர். எனினும் வழியைத் திறந்துவைத்தல் இயலவில்லை. துரைத்தனத்தார் 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு இசைந்து, ஆகஸ்டு மாதம் கோட்டையைக் கைவிட்டனர். அவர் அகன்றதும் பூர்வகுடியினர் அதனைத் தீக்கிரையாக்கினர். அவ்வழிக் கோட்டைகள் யாவும் ஒழிந்ததன் பின்னரே, நவம்பரில், ரெட் கிளவுட் கையொப்பமிட்டார்.

வென்றவர் அமைதியுற்றனரோ எனின், இல்லை. 1874-இல் கருங்குன்றுகளிற் பொன் காணப்பட்டது. லகோத்தாக்களின் நிலத்தைப் பெறவேண்டின் வயதுவந்த ஆடவரில் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பமிடல் வேண்டும் என உடன்படிக்கை விதித்திருந்தும், அத்தொகை நிரம்பாமலே 1877-இற் சட்டமியற்றி அக்குன்றுகளைக் கவர்ந்தனர். லகோத்தா மக்களோ அவ்வேட்டை மறந்திலர்; வழக்குத் தொடுத்தனர். 1980-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், நிலம் உரிய ஈடின்றிக் கொள்ளப்பட்டதென்று தீர்த்து, வட்டியுடன் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை உறுதிசெய்தது. அம்மக்கள் நிலமே வேண்டுமென்று கூறிப் பணத்தை ஏற்க மறுத்தனர்.

நேயர்காள்! அம்மரமதில் இரண்டாண்டில் எரிந்தது. கையொப்பமிட்ட தாளோ 112 ஆண்டுகளுக்குப் பின்னும் நீதிமன்றத்திற் பேசிற்று. ஆதலின் நம்மவர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்துப் பரண்களிற் கிடக்கும் பழைய ஏடுகளையும் பத்திரங்களையும் செல்லுக்கு இரையாக்காது, எடுத்துப் படித்து, படியெழுதிப் போற்றுவாராக. முன்னோர் கையொப்பமிட்டது யாது என்பதைச் சிறாரும் அறிந்திருத்தல் வேண்டும்.