ஊசிக்கு முன் எம்.ஆர்.ஐ.: புராஸ்டேட் பரிசோதனை கடந்து வந்த பாதை

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் சிறு சுரப்பி புராஸ்டேட். வயது ஏற ஏறப் பெரும்பாலான ஆண்களுக்கு இது வீங்குகிறது. அது புற்றுநோய் அல்ல. ஆனால் புற்றுநோயும் அதே வயதில், அதே சுரப்பியில்தான் வருகிறது. இரண்டையும் பிரித்தறிய மருத்துவம் பட்ட பாடு பெரிது.

மலக்குடல் வழியே விரலால் தொட்டுப் பார்ப்பதுதான் நெடுங்காலம் இருந்த முக்கிய வழி. பிறகு, புராஸ்டேட்டில் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை வந்தது. நோயைக் கண்டறிய அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அரசு 1994இல் ஒப்புதல் தந்தது. சாதாரண வீக்கத்திலும் பி.எஸ்.ஏ. கூடும் என்பதால் முடிவு ஊசியிடமே போயிற்று. அல்ட்ராசவுண்ட் துணையுடன் ஆறு இடங்களில் ஊசி போட்டுத் திசு எடுக்கும் முறை 1989இல் வெளியானது. அல்ட்ராசவுண்டில் சுரப்பி தெரியும். கட்டி பெரும்பாலும் தெரியாது. குத்திய இடத்தில் கட்டி இல்லையென்றால் நோய் தப்பிவிடும்.

கட்டியையே காட்டக்கூடிய வழி வேறொரு பக்கமிருந்து வந்தது. 1971இல் ரேமண்ட் டமேடியன் எலிகளின் திசுக்களைக் காந்தப் புலத்தில் வைத்து, அவற்றின் காந்த அதிர்வை அளந்து, புற்றுத் திசுவின் அளவுகள் நல்ல திசுவிலிருந்து மாறுபடுவதைக் காட்டினார். 1973இல் பால் லாட்டர்பர் அந்தக் காந்த அதிர்விலிருந்து படமே எடுத்துக் காட்டினார்; அதுதான் எம்.ஆர்.ஐ.யின் தொடக்கம். திசுவை அளந்து கிடைக்கும் ஓர் எண்ணை வைத்தே புற்றுநோயைச் சொல்லிவிடலாம் என்ற முதல் நம்பிக்கை நிலைக்கவில்லை. இரண்டு வகைத் திசுக்களின் அளவுகளும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

படம் வேறு வகையில் உதவியது. பெரும்பாலான புற்றுநோய்கள் தோன்றும் வெளிமண்டலம் நீர்ச்சத்து மிகுந்தது. டி2 எனப்படும் படத்தில் அது வெளிச்சமாகவும் அதில் உள்ள கட்டி இருட்டாகவும் தெரியும். அழற்சியும் இருட்டாகத் தெரிவதுதான் சிக்கல். சாதாரண வீக்கம் உண்டாகும் உள்மண்டலத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தீங்கற்ற முடிச்சுகளே பல நேரம் கருத்திருக்கும்.

இந்த இடத்தில் வேதியியல் கை கொடுத்தது. நல்ல புராஸ்டேட் செல்கள் துத்தநாகத்தைத் தேக்கி வைப்பதால் அவற்றில் சிட்ரேட் சேர்ந்து நிற்கும். புற்றாக மாறும் செல் துத்தநாகத்தை இழக்கிறது. சிட்ரேட் குறைகிறது, கோலைன் கூடுகிறது. அதே எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் இந்தப் பொருள்களின் அளவைப் பகுதி பகுதியாக அறியலாம். அந்த முறைக்கு ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி என்று பெயர். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் என்.ஆர். ஜகந்நாதன் குழுவினர் சிறுநீரகவியல் மருத்துவர்களோடு சேர்ந்து, பி.எஸ்.ஏ. 4 முதல் 10 வரை இருந்தவர்களிடம் இதைச் சோதித்தனர். சந்தேகத்துக்குரிய பகுதியை முதலில் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியால் குறித்து, பிறகு அங்கே ஊசி செலுத்தினர். படம் முதலில், ஊசி பிறகு என்ற இந்த வரிசையைப் பின்னாளில் உலகம் ஏற்றுக்கொண்டது. அதை 2007, 2008ஆம் ஆண்டுகளிலேயே இந்திய ஆய்வுக் கட்டுரைகள் எழுதிவைத்தன என்பது நாம் மறக்கக் கூடாத செய்தி.

ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி மட்டும் நிலைக்கவில்லை. நேரம் பிடிக்கும், தனித் தேர்ச்சி வேண்டும். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், கட்டி இருக்கும் இடத்தைக் கண்டறிவதில் அது எம்.ஆர்.ஐ. படத்துக்கு மேல் எதையும் கூட்டித் தரவில்லை. அதன் இடத்தை டிஃப்யூஷன் படம் பிடித்தது. செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் புற்றில் நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடியாது. அந்தத் தடையையே படமாக்குவது இந்த முறை. இவற்றையெல்லாம் சேர்த்து, சந்தேகத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் பை-ராட்ஸ் முறை 2012இல் வந்தது.

2017இல் வெளியான பிரிட்டனின் ப்ராமிஸ் ஆய்வு 576 ஆண்களைச் சோதித்தது. முக்கியமான புற்றுநோய்களில் 93 சதவீதத்தை எம்.ஆர்.ஐ. காட்டியது; வழக்கமான ஊசிப் பரிசோதனை 48 சதவீதத்தையே பிடித்தது. 2018இல் வெளியான, 500 பேரிடம் நடந்த பிரிசிஷன் ஆய்வில், எம்.ஆர்.ஐ.க்குப் பின் குறிபார்த்துத் திசு எடுத்த குழுவில் 38 சதவீதம் பேருக்கும், வழக்கமான குழுவில் 26 சதவீதம் பேருக்கும் முக்கியமான புற்றுநோய் தெரிந்தது.

எம்.ஆர்.ஐ.யும் சில புற்றுநோய்களைத் தவறவிடும். புற்றுநோய் என்று உறுதி செய்வது இன்றும் திசுப் பரிசோதனைதான். ஊசி போட்ட இடத்தில் கசியும் ரத்தம் படத்தைக் குழப்புவதால், பிறகு ஸ்கேன் எடுக்கச் சில வாரம் காத்திருக்க நேரும். பி.எஸ்.ஏ. கூடியிருப்பவர்கள் ஊசிக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே, ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.