எருமை ஓதிய வேதமும் நாய் அழுத்தும் பொத்தானும்: விலங்குப் பேச்சின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

புணே நகரின் கிழக்கே, சோலாப்பூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது ஹடப்சர். பண்டரிபுரம் நோக்கிச் செல்லும் ஆஷாட வாரியில் ஞானேசுவரரின் பல்லக்கும் துக்காராமின் பல்லக்கும் இங்குதான் வழி பிரிகின்றன. முன்னது திவே கணவாய் ஏறிச் சாஸ்வடுக்கும், பின்னது லோணி காள்போருக்கும் செல்லும். அந்தப் பாதையை ஒட்டி, நூற்றுக்கு மேற்பட்ட உழவர் குடும்பங்கள் தம் நிலங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய மகர்பட்டா நகரியம் இன்று தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அடுக்ககங்களுமாக நிற்கிறது. வளர்ப்பு நாய் பொத்தானை அழுத்தி ‘வெளியே’, ‘விளையாட்டு’ என்று ‘பேசும்’ காணொளிகள் கைப்பேசிகளில் வலம்வரும் காலம் இது. விலங்கு பேசுவதைப் பற்றிய மிகப் பழைய மராட்டியக் கதையும் மிகப் புதிய நகர்ப்புற ஆர்வமும் அடுத்தடுத்து நிற்கும் இடமாக ஹடப்சரைக் கொள்ளலாம்.

பழைய கதை ஞானேசுவரருடையது. 1290இல் பகவத் கீதைக்கு மராட்டியில் உரை கண்டவர் அவர். துறவறத்திலிருந்து இல்லறத்துக்குத் திரும்பியவரின் மக்கள் என்பதால் அவரும் உடன்பிறந்தாரும் சாதி விலக்கம் செய்யப்பட்டனர். தூய்மைச் சான்று வேண்டிப் பைட்டணத்துப் பண்டிதர்களிடம் சென்றபோது, அவ்வழியே சென்ற எருமை ஒன்றின் பெயரும் ‘ஞானா’தான் என்று அவரை எள்ளினர். அவர் எருமையின் தலைமீது கைவைத்ததும் அது வேதம் ஓதியது என்பது மரபுவழிக் கதை. இங்கு வாய் எருமையுடையது; சொல் வேதத்தினுடையது; நோக்கம் ஞானேசுவரருடையது. எருமை பேசியதா என்பது இக்கதையின் வினா அன்று. பேசத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்டவருக்கு அத்தகுதியை வழங்குவதும் மறுப்பதும் யார் கையில் உள்ளது என்பதே அதன் வினா.

எந்த விலங்குப் பேச்சையும் ஆராயும்போது மூன்று கூறுகளைப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். ஒலியோ குறியோ எங்கிருந்து வருகிறது? பல குறிகளுள் ஒன்றைத் தெரிவு செய்பவர் யார்? தெரிவு செய்யப்பட்டதற்குப் பொருள் சொல்பவர் யார்? மனிதப் பேச்சில் முதல் இரண்டும் பெரும்பாலும் ஒருவரிடமே குவிந்திருக்கும். விலங்கின் ‘பேச்சில்’ இம்மூன்றும் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும்.

மகாராட்டிரத்து நந்திவாலாக்களின் தொழிலில் இது தெளிவாகத் தெரியும். அணிசெய்த காளையுடன் ஊர் ஊராகச் செல்லும் இவர்கள், ‘இவ்வாண்டு மழை பெய்யுமா?’ என்பது போன்ற வினாக்களைக் காளையிடம் கேட்க, அது தலையசைத்து விடை கூறும். தமிழகத்தில் உறுமியுடன் வரும் பூம்பூம் மாட்டுக்காரரின் மாடும் அவ்வாறே. தலையசைவு காளையுடையது, எப்போது, எப்படி அசைப்பது என்பதை முடிவு செய்வது பழக்கியவரின் தாளமும் சைகையும். கிளிச் சோதிடத்தில் தெரிவு சற்றே விலங்கின் பக்கம் நகர்கிறது. அட்டையை எடுப்பது கிளி. அதைப் பலனாக விரிப்பது சோதிடர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கிளியைக் கூண்டில் வைத்திருப்பதைத் தடுத்துவிட்டதால் இவ்வழக்கம் இன்று சட்டத்துக்குப் புறம்பானது.

நந்திவாலாக்களைப் பற்றி இன்னொரு செய்தியும் நினைவில் கொள்ளத் தக்கது. கைலாசு மல்கோத்ரா, மாதவ் காட்கில் முதலியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வு, மகாராட்டிரத்தின் மூன்று நாடோடிச் சமூகங்களின் வேட்டை முறைகளை ஒப்பிட்டது. அவற்றுள் நந்திவாலாக்கள் நாய்களைக் கொண்டு காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, உடும்பு ஆகியவற்றை வேட்டையாடுவோர். ஊருக்குள் காட்சிக்காகத் தலையாட்டும் காளை. ஊருக்கு வெளியே வேட்டையில் துணைநிற்கும் நாய். மனிதனும் விலங்கும் உண்மையாகவே ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் தொடர்பு இரண்டாவதில்தான் மிகுதி. ஆயினும் வேடிக்கை பார்த்தோர் ‘பேச்சு’ என்று கொண்டாடியது முதலாவதையே.

ஐரோப்பாவின் நந்திக் காளை பெர்லினில் தோன்றியது. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்பவரின் ‘அறிவுள்ள ஹான்ஸ்’ என்ற குதிரை, கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்னது. 1904இல் அறிஞர் குழு ஒன்று பார்வையிட்டு, இதில் ஏமாற்று வேலை இல்லை என்றது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதன் பின்னும் ஆராய்ந்து, 1907இல் தம் முடிவுகளை நூலாக்கினார். வினவுபவருக்கே விடை தெரியாதபோதும், வினவுபவரைக் குதிரை காண முடியாதபோதும் அது தவறியது. சரியான எண் வந்ததும் வினவுபவரின் தலையும் உடலும் தம்மை அறியாமல் மிக நுட்பமாக அசைந்தன. குதிரை அதைப் படித்தது. நந்திவாலா தெரிந்தே செய்வதை ஓஸ்டன் தெரியாமல் செய்தார்.

பொத்தானின் நேரடி முன்னோடி இதற்கும் முந்தையது. 1880களில் இங்கிலாந்தில் ஜான் லபக், வான் என்ற தம் பூடில் நாய்க்கு ‘உணவு’, ‘வெளியே’, ‘தண்ணீர்’ போன்ற சொற்கள் அச்சிட்ட அட்டைகளை எடுத்துவரப் பழக்கினார். கண்ணும் காதும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமிக்கு மருத்துவர் சாமுவேல் ஹவ் 1837 முதல் மொழி கற்பித்த முறையே அவருக்குத் தூண்டுகோல். மாற்றுத்திறனாளிகளின் கல்விக்கென உருவான முறை விலங்குகளிடம் செல்வது இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. எதிர்த்திசையிலும் நிகழ்ந்திருக்கிறது: 1970களில் லானா என்ற சிம்பன்சிக்காக டுவேன் ரம்பா குழுவினர் உருவாக்கிய குறிப்பலகை முறை, பின்னர் பேச இயலாத இளையோருக்கு ரோம்ஸ்கி, செவ்சிக் ஆகியோரால் பயன்படுத்தப்பட்டது.

2018இல் கிறிஸ்டினா ஹங்கர் என்ற அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர், குழந்தைகளுக்குத் தாம் பயன்படுத்திய மாற்றுத் தொடர்பு முறையை ஸ்டெல்லா என்ற தம் நாயிடம் முயன்றார். குரல் பதிவு செய்த பொத்தான் ஒன்றைத் தரையில் வைத்து, ‘வெளியே’ என்று சொல்லும்போதெல்லாம் அதையும் அழுத்திக் காட்டுவதே முறை. 2021இல் அவர் நூல் வெளிவந்தது. உலகெங்கும் பொத்தான்கள் விற்பனைக்கு வந்தன.

அறிவியல் இதுவரை என்ன கூறுகிறது? கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஃபெதெரிக்கோ ரொசானோ குழுவினர் 2024இல் இரு ஆய்வுகளை வெளியிட்டனர். முதலாவதன்படி, ‘விளையாட்டு’, ‘வெளியே’ ஆகிய சொற்களுக்கு நாய்கள் ஏற்றவாறு நடந்துகொண்டன. உரிமையாளர் அழுத்தினாலும் பிறர் அழுத்தினாலும், வாயால் சொன்னாலும் பொத்தான் ஒலித்தாலும் வேறுபாடில்லை. இரண்டாவது ஆய்வு 152 நாய்களின் 21 மாதப் பதிவுகளில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட அழுத்தல்களைக் கணக்கெடுத்தது. இரு பொத்தான்களை இணைத்து அழுத்துவது தற்செயலானதன்று. உரிமையாளரை அப்படியே பின்பற்றுவதும் அன்று என்பது அதன் முடிவு. தெரிவு நாயுடையது என்பதற்கு இது வலுவான சான்று. இலக்கணம் உண்டு என்பதற்குச் சான்றன்று. அப்பதிவுகளை அளித்தவர்கள் உரிமையாளர்களே என்பதையும் மறத்தலாகாது.

இதற்கு நம் தெருக்கள் வழங்கும் ஒப்பீடும் உண்டு. கொல்கத்தாவின் ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, எவரும் பழக்காத தெருநாய்களும், அருகில் வரத் துணிந்தவற்றுள் பெரும்பான்மை, மனிதர் சுட்டிய கிண்ணத்தையே நாடின. பொத்தான் இல்லாமலேயே நாய் மனிதரைப் படிக்கிறது. மனிதர் நாயைப் படிப்பதற்குத்தான் பொத்தான் தேவைப்படுகிறது போலும்.

தொல்காப்பிய மரபியல் மனத்தை ஆறாவது அறிவாகக் கொண்டு மக்களுக்கு உரியதாக்குகிறது. ஒருசார் விலங்குகளுக்கும் அது உண்டு என்னும் கூற்றையும் பதிவு செய்கிறது. எல்லைக்கோட்டை வரைந்தவர்களே அதில் ஓர் இடைவெளியையும் விட்டிருக்கிறார்கள். பொத்தான் பற்றிய விவாதத்திலும் அந்த இடைவெளி காக்கப்பட வேண்டும். எனினும் பொருள் சொல்லும் உரிமையில் கவனம் தளர்ந்தால் விளையும் தீங்கு நாய்களோடு நிற்பதில்லை. பேச இயலாதோரின் கையைப் பிடித்து எழுத்துகளைச் சுட்டவைக்கும் ‘உதவித் தொடர்பு’ முறையில், எழுதுபவர் உதவியாளரே என்று ஃபுங்ஸ்ட் முறைச் சோதனைகள் காட்டின. அமெரிக்கப் பேச்சு-மொழி-கேள்விச் சங்கம் 1994இலும் 2018இலும் அம்முறையை ஏற்க மறுத்தது.

அதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு சென்னையிலேயே உள்ளது. அஜித் நாராயணன் தலைமையிலான நிறுவனம், வித்யா சாகர் அமைப்புடன் இணைந்து ‘ஆவாஸ்’ என்ற பேச்சுக் கருவியை உருவாக்கி 2010இல் தேசிய விருது பெற்றது. அதில் குழந்தை தன் சொல்லைத் தானே தெரிவு செய்கிறது. அதே கருத்து நாய்க்கான விளையாட்டுப் பொருளாக வரும்போது வியந்து பார்க்கும் சமூகம், வகுப்பறையில் ஒரு குழந்தை திரையைத் தொட்டு விடை சொல்லும்போது அதைப் பேச்சென்று ஏற்கத் தயங்குகிறது. நாயின் ஒற்றை அழுத்தலில் முழு வாக்கியத்தையே கேட்பவர்கள், அக்குழந்தை முழு வாக்கியத்தையே அமைத்தாலும் சான்று கேட்கிறார்கள். மொழியியல் மாணவர்கள் முதலில் ஆராய வேண்டியது இந்தச் சமமின்மையையே.