கூச்ச மருந்தும் அடைப்பின் பிடியும்

நாவிதன்வெளிப் பக்கம் வெற்றிலை போட்டுப் பழகிய பெரியவர்களுக்குப் பாக்கு மென்றே பல் தேய்ந்திருக்கும். அழுத்தித் துலக்குபவர்களுக்கு ஈறோரம் பள்ளம் விழும். ஐஸ் தண்ணி பட்டதும் சுரீரென்று கூசும். பல் வைத்தியர் கூச்சத்துக்கு ஒரு மருந்து பூசுவார். பள்ளம் ஆழமென்றால் கொம்போசிற் என்ற அடைப்புப் பொருளால் அடைப்பார். பூசிய மருந்து எதுவென்பதிலும் அடைப்பின் ஆயுள் தங்கியிருக்கிறது.

எனாமல் தேய்ந்தால் டென்டின் வெளியே தெரியும். அதில் சதுர மில்லிமீற்றருக்குப் பல்லாயிரம் நுண்குழாய்கள். அவற்றினுள்ளே திரவம் அசைவதால்தான் பல் கூசுகிறது என்று 1960களில் விளக்கியவர் சுவீடனின் பிரன்ஸ்ட்ரோம். ஆகவே கூச்சம் நிற்கக் குழாய் அடைபட வேண்டும். கொம்போசிற் ஒட்டுவதற்கோ, அமிலம் கல்சியத்தைக் கரைத்தபின் மிஞ்சும் கொலாஜன் வலைக்குள் ஒட்டும் பிசின் ஊற வேண்டும். இந்த இரண்டு தேவைக்கும் நடுவில்தான் சிக்கல்.

கூச்சத்துக்குப் பூசும் குளூமா என்ற திரவத்தில் 5% குளூட்டரல்டிகைட்டு, 35% ஹெமா. 1980களில் டென்மார்க்கில் இந்தக் கலவையை ஆராய்ந்ததே பிசினை டென்டினில் ஒட்டவைக்கத்தான். குளூட்டரல்டிகைட்டு குழாய்த் திரவத்தின் புரதத்தை உறையவைத்துக் குழாயை உள்ளேயே மறிக்கிறது. ஹெமா கொலாஜன் வலையைச் சுருங்கவிடாமல் ஈரமாக வைத்திருக்கிறது. மேற்பரப்பில் படிவு கிடையாது. பெரும்பாலான ஆய்வுகூடச் சோதனைகளில் பிடி குறையாததற்குக் காரணம் இதுவே. ஈறில் பட்டால் மட்டும் புண்ணாக்கிவிடும். பஞ்சு வைத்துத் தொட்டுப் பூச வேண்டும்.

பொட்டாசியம் ஒக்சலேற்று வேறு மாதிரி. பல்லின் கல்சியத்தோடு சேர்ந்து கல்சியம் ஒக்சலேற்றுப் பளிங்குகளாகக் குழாய்வாயில் படியும். கூச்சம் நன்றாகவே அடங்கும், ஆனால் அந்தப் படிவு பிசினுக்குத் தடை. பொஸ்போரிக் அமிலம் வைத்துக் கழுவியபின் பூசினால் நிலைமை மாறுகிறது: மேற்பரப்பில் கல்சியம் இல்லாததால் பளிங்குகள் குழாயின் உள்ளே இறங்கி உருவாகும், பிசினுக்கு வழி கிடைக்கும். அப்போதும் புளோரைட்டு கலந்த அமிலத்தன்மையுள்ள பிசின்களோடு அது ஒத்துப்போவதில்லை. தனியாக அமிலம் வைக்கத் தேவையில்லாத, மென்மையான செல்ப் எட்ச் பிசின் பாவிக்கும் கிளினிக்கில் முன்கூட்டி ஒக்சலேற்று பூசுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் படிவைக் கரைக்கும் வலு அந்தப் பிசினுக்கில்லை.

ஊரில் கூச்சத்துக்கு மருந்து பூசிக்கொண்டு, மாதங்கள் கழித்துக் கிட்டங்கி தாண்டிக் கல்முனையில் பல் அடைக்கப் போகிறவர்கள் உண்டு. முன்பு பூசிய மருந்தின் பெயரைப் புது வைத்தியரிடம் சொல்லுங்கள். தெரிந்தால் அவர் மேற்பரப்பை மெல்லிசாகச் சீவிவிட்டு அடைப்பார்.