எஞ்சினின் அடியில் ஒரு பிளக்

கோவைப் பம்பு ஒன்றின் வார்ப்பிரும்பு உடலைக் குனிந்து பாருங்கள். அடிப்பகுதியில் சிறு பிளக் ஒன்று இருக்கும். உள்ளே தேங்கிய நீரை வடிக்க வைத்தது அது. படகு எஞ்சின்களிலும் இத்தகைய பிளக்குகள் உண்டு. குளிர்நாடுகளில் ஏரி உறையுமுன் இவற்றைக் கழற்றி, எஞ்சினில் உள்ள நீரை வடித்துவிடுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. கோவைக் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1820-களில் அமைத்த ஊட்டி ஏரிக்கரையில் தை மாதத்தில் புல்மேல் உறைபனி படியும், ஏரி உறைவதில்லை. லடாக்கின் பாங்கோங் ஏரியோ உப்பு நீராயிருந்தும் குளிர்காலத்தில் உறைந்துவிடுகிறது.

நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது. இதன் வலிமையை 1784-85 குளிர்காலத்தில் கனடாவின் கியூபெக் நகரில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப்படை மேஜர் சோதித்தார். இரும்பு வெடிகுண்டு ஓடுகளில் நீரை நிரப்பி, வாயை இரும்பு அடைப்பானால் இறுக்கி, கடுங்குளிரில் வெளியே வைத்தார். ஒரு குண்டின் அடைப்பான் 400 அடிக்கும் அப்பால் போய் விழுந்தது! அடைப்பான் அசையாத குண்டு பிளந்தது. பிளவின் வழியே பனிக்கட்டி மீன்துடுப்புபோல் நீண்டு நின்றது. வெடிமருந்து ஒரு சிட்டிகைகூட இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நீரை வடிக்காத எஞ்சினுக்கும் இதே கதிதான்.

சரி, கழற்றிய பிளக் தேய்ந்திருந்தால் புதிதாக எதைப் போடுவது? இதற்கு விடை தந்தது ஒரு போர்க்கப்பல். பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் 'அலாரம்' என்ற கப்பலின் அடிப்புறத்திற்குச் செப்புத் தகடு போர்த்தியது. 1763-இல் பார்த்தபோது தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல அரித்துப் போயிருந்தன. ஆனால் தகடு சுற்றி வந்த பழுப்புத்தாள் தற்செயலாக இடையில் சிக்கிய இடங்களில் ஆணிகள் நன்றாகவே இருந்தன. செம்பும் இரும்பும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அது ஒரு மின்கலமாகிறது, இரும்பு கரைகிறது. பெரிய செப்புப் பரப்புக்குச் சிறிய இரும்பு ஈடு கொடுக்க வேண்டியிருந்ததால் அரிப்பு முழுவதும் ஆணிமேல் குவிந்தது.

இதைத் திருப்பிப் பாருங்கள். பெரிய வார்ப்பிரும்பு உடலில் சிறிய பித்தளைப் பிளக் இருந்தால் அரிப்பு பெரும் பரப்பில் பரவி மெலிகிறது. பிளக்கும் துருவேறி இறுகாது. ஆகவே அது நல்ல தேர்வு. வெண்கல உடலில் இரும்புப் பிளக்கோ 'அலாரம்' கப்பலின் ஆணியேதான். கடல்நீரானால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, பிளக் நொறுங்கும் பஞ்சாகிவிடும். அங்கே வெண்கலமே மேல்.

உலோகம் சரியானாலும் மரை ஏமாற்றலாம். விட்வொர்த் 1841-இல் முன்வைத்த ஆங்கில மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் 1864-இல் செல்லர்ஸ் 60 பாகையை முன்வைத்தார். பின்னர் வந்த அமெரிக்கக் குழாய் மரைக்கும் அதுவே கோணம். நம் பம்புக் குழாய்கள் ஆங்கில வழியைச் சேர்ந்தவை. வெளிநாட்டுப் படகு எஞ்சினோ அமெரிக்க மரையோடு வரலாம். கால் அங்குலத்தில் அங்குலத்துக்கு 19 மரை ஒன்றில், 18 மற்றதில். பிளக் ஏறும்போதே குட்டு வெளிப்பட்டுவிடும். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் 14 தான். பிளக் சில சுற்று இலகுவாக ஏறி, இறுகியும் விடும். நீர் மட்டும் கசிந்துகொண்டே இருக்கும்.