நாரிச் நகரம் கேட்ட கழிப்பறை

இங்கிலாந்தின் கிழக்கே நாரிச் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. 1960களின் நடுவில் அங்கே சக்கர நாற்காலியில் நடமாடும் 284 பேரைத் தேடிப்பிடித்து ஒரு விசாரணை நடந்தது. ஊரில் எந்தக் கட்டடம் உங்களுக்குக் கதவடைத்து நிற்கிறது, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்ற பதில் பொதுக் கழிப்பறை.

விசாரித்தவர் செல்வின் கோல்ட்ஸ்மித் என்ற கட்டடக் கலைஞர். 1956இல் படித்து முடித்துத் தொழிலுக்குத் தகுதி பெற்ற ஆண்டிலேயே இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. பிழைத்தார், ஆனால் உடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற கட்டடங்களைப் பற்றி 1963இல் அவர் எழுதிய நூல் துறையில் எல்லோரும் புரட்டும் கையேடானது. அந்தப் பெயரோடு அவர் நின்றிருக்கலாம். நாரிச் மக்கள் சொன்னதைக் கேட்டபின், 1967இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார்.

அப்போது கையிலிருந்த முன்மாதிரி அமெரிக்காவுடையது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் திமோதி நியூஜென்ட் முன்னின்று உருவாக்கிய தரவிதிகள் 1961இல் வெளியாயின. மொத்தம் ஆறு பக்கம். இந்தத் துறையில் உலகமே திரும்பிப் பார்த்த பக்கங்கள் அவை. ஆனால் நியூஜென்ட்டைச் சுற்றியிருந்தவர்கள் இளம் மாணவர்கள். பிறர் கையை எதிர்பார்க்காமல் தாங்களே எல்லாம் செய்துகொள்ளப் பழகியவர்கள். சாதாரண கழிப்பறை வரிசையில் ஓர் அறையைச் சற்று அகலமாக்கிக் கைப்பிடி பொருத்தினால் அவர்களுக்குப் போதும்.

நாரிச்சில் கதை வேறு. அங்கே பலர் வயதானவர்கள். நாற்காலியிலிருந்து எழவும் உட்காரவும் கணவனோ மனைவியோ தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆண்கள் கழிப்பறைக்குள் மனைவி எப்படி நுழைவார்? பெண்கள் பக்கம் கணவனை யார் விடுவார்கள்? உள்ளே எத்தனை கைப்பிடி இருந்தும் என்ன பயன்? இந்தச் சிக்கலிலிருந்துதான் ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவான, தனிக்கதவு கொண்ட அறை பிறந்தது. இன்று விமான நிலையத்திலும் மருத்துவமனையிலும் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய அந்தத் தனி அறையைப் பார்க்கிறோமே, அதன் பின்னணியில் இப்படிப்பட்ட தம்பதிகள் இருக்கிறார்கள்.

1970இல் சட்டம் வந்தது. ஆல்ஃப் மோரிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது அது. பொதுக் கழிப்பறை கட்டும்போது மாற்றுத்திறனாளிகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றது. ஆனால் நடைமுறைக்கும் நியாயத்துக்கும் உட்பட்ட அளவில் செய்தால் போதும் என்ற வாசகமும் கூடவே இருந்தது. செய்ய மனமில்லாதவருக்கு அது வசதியான கதவு.

அறையின் அளவு மெல்ல மெல்லத்தான் வளர்ந்தது. பிரிட்டிஷ் தரவிதி 1979இல் 1.5 மீட்டருக்கு 2 மீட்டர் என்றது. 2004இல் அந்த நீளம் 2.2 மீட்டரானது. ஒவ்வொரு சாணுக்கும் காரணம் உண்டு. நாற்காலியைக் கழிப்பறைக் கோப்பையின் பக்கவாட்டில் நிறுத்தி, கைத்தாங்கியைக் கழற்றிவிட்டு, உடலை நகர்த்தி உட்கார வேண்டும். அதற்குக் கோப்பையின் ஒரு பக்கம் காலியாக இருக்க வேண்டும். வாஷ்பேசின், உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்ட வேண்டும். கை கழுவாமல் மீண்டும் சக்கரத்தைப் பிடிக்க நேர்ந்தால் அழுக்கு அவரோடு வெளியே வரும். அவசர அழைப்புக்கான சிவப்புக் கயிறு தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை தொங்க வேண்டும், விழுந்து கிடப்பவரின் கைக்கு எட்டும்படி. தரை துடைக்க இடைஞ்சல் என்று அந்தக் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவிடுவது உயிரோடு விளையாடுவது.

கட்டிய அறைகளைச் சிலர் சேதப்படுத்தவே, பூட்டுப் போட்டார்கள். பூட்டினால் தேவைப்படுபவருக்கும் திறக்காது. 1981இல் நாடு முழுவதற்கும் ஒரே சாவி என்ற திட்டம் வந்தது. மாற்றுத்திறனாளி அந்தச் சாவியைத் தன்னோடு எடுத்துச் செல்லலாம்.

அப்படியும் ஒரு கூட்டம் வெளியே நின்றது. கோப்பையில் உட்காரவே முடியாத பெரியவர்களைப் பெற்றோர் கழிப்பறைத் தரையில் கிடத்தித்தான் உடை மாற்றினார்கள். இதை மாற்ற 2006இல் ஓர் இயக்கம் தொடங்கியது. பெரியவர் படுக்கும் மேசை, உடலைத் தூக்கி நகர்த்தும் கூரைக் கருவி, இரண்டு உதவியாளர்கள் நிற்க இடம், மொத்தம் 12 சதுர மீட்டர். 2021 முதல் இங்கிலாந்தில் புதிதாக எழும் பெரிய பொதுக் கட்டடங்களில் இப்படிப்பட்ட அறை கட்டாயம்.

இந்தியாவில் கட்டட விதிகள் நெடுங்காலம் சொல்லிவந்த குறைந்தபட்ச அளவு 1.5 மீட்டருக்கு 1.75 மீட்டர். உதவியாளர் ஒருவரும் கூட நுழைந்தால் அந்த அறையில் நாற்காலி திரும்ப இடம் ஏது? வீடோ, பள்ளியோ, கல்யாண மண்டபமோ கட்டுகிறவர்கள், கழிப்பறைச் சுவர் எழுவதற்கு முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரையும் அவருக்கு உதவுபவரையும் அழைத்து அதற்குள் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.