பிரட்டுக்களமும் மாணவர் மன்றமும்

வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பாடமும் மாணவர் மன்றம். சாதாரண தரம் எழுதும் வரைக்கும் எங்கள் வாரத்தை நாங்கள் அதை வைத்துத்தான் எண்ணினோம். இறைவணக்கம், தலைவர் உரை, சென்ற கூட்ட அறிக்கை வாசித்தல், அதுக்குப் பிறகு பேச்சு, பாட்டு, கதை, விவாதம். மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. எங்கள் பக்கத்தில் மழை பிடிக்காத வெள்ளிக்கிழமை குறைவு. அதனால் கத்திப் பேசியே பழகிவிட்டோம். இன்றைக்கும் விரிவுரை மண்டபத்தில் யாராவது ஒலிவாங்கியை நீட்டினால் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறோம்.

எல்லோரும் பயந்தது திடீர்ப் பேச்சுக்கு. வெண்கட்டிப் பெட்டிக்குள் துண்டுச் சீட்டுகள் கிடக்கும். ஒன்றை எடுக்க வேண்டும், ஒரு நிமிடம் யோசிக்கலாம், மூன்று நிமிடம் பேச வேண்டும். "நான் ஒரு பறவையானால்", "நேரம் பொன்னானது", "கடற்கரையில் ஒரு மாலை". கடைசித் தலைப்பு வந்தபோது எங்களில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் பேசினோம். அலைகள் தாலாட்டின, சிறுவர்கள் மணல் வீடு கட்டினார்கள், சூரியன் செவ்வானத்தில் மறைந்தான். கைதட்டலும் கிடைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு "என் வீட்டு முற்றம்" வந்தது. அவள் ஒரு நிமிடமும் சும்மா நின்றாள். பிறகு, "எங்க வீட்டுக்கு முத்தம் இல்லீங்க சேர், வாசல்தான் இருக்கு" என்று தொடங்கினாள். லயத்தில் எத்தனை காம்பரா, எல்லாவற்றுக்கும் எப்படி ஒரே வாசல், பீலித் தண்ணிக்கு யார் முதலில் வாளி வைப்பது, அப்பாயி செத்தபோது பெட்டியை அங்கே வைத்தது, அதே இடத்தில் உட்கார்ந்து ஐஞ்சாம் ஆண்டு ஸ்கொலசிப்புக்குப் படித்தது. மணி அடித்தும் நிறுத்தவில்லை. வகுப்பு சத்தமே இல்லாமல் இருந்தது. அவள் உட்கார்ந்ததும் சேர், "நல்லா இருந்திச்சு. ஆனா தலைப்புக்குள்ள நில்லு, மொழியையும் கொஞ்சம் திருத்திக்கோ" என்றார். சேர் கெட்டவர் இல்லை. அவரும் லயத்தில் பிறந்தவர்தான், அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. கலைப்பீடத்துக்கு வந்து மலையக வரலாற்றை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

தோட்டத்தில் தயார் இல்லாமல் பேசுவது ஒரு போட்டி இல்லை, பிழைப்பு. விடியக்காலையில் தப்பு அடித்தால் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். துரையோ கணக்குப்பிள்ளையோ "நேத்து ஏன் வரல்ல?" என்று கேட்டால் பதில் அந்த இடத்திலேயே வர வேண்டும். யோசிக்க ஒரு நிமிடம் யாரும் தர மாட்டார்கள். பதில் பிடித்தால் பேர் விழும், பிடிக்காவிட்டால் அரைப்பேர், அல்லது வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பேர் என்றால் அங்கே ஒரு நாள் கூலி. வகுப்பு விவாதத்தில் மறுப்புரைக்குத் தனிப் புள்ளி உண்டு. பிரட்டுக்களத்தில் மறுப்புரை செய்தவனுக்கு "எதிர்த்துப் பேசுறான்" என்பதே குற்றச்சாட்டு.

அதற்காக எங்கள் ஆட்களுக்கு விவாதமே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுகிறோம். சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரித்த கதை அது. காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து லாவணி பாடுவது தஞ்சைப் பக்கத்தில் பழைய வழக்கம். ஒரு கட்சி பாட்டிலேயே கேள்வி போடும், மற்றக் கட்சி அதே இடத்தில் பாட்டிலேயே பதில் கட்ட வேண்டும். பதில் வராவிட்டால் தோற்றதாக அர்த்தம். தலைப்பு, இரண்டு அணி, மறுப்பு, நடுவில் நின்று கேட்கிற சபை எல்லாம் அதில் இருக்கிறது. மாணவர் மன்றத்தில் யாரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை. விவாதம் என்பது பட்டணத்துப் பாடசாலையிலிருந்து வந்த பண்டம் என்றே நம்பினோம்.

மேடைப் பேச்சு மலைக்கு வந்தது 1920களில். அதில் முதல் பெயர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர், பத்திரிகையாளர். முதலில் தேசநேசன், பிறகு தேசபக்தன். 1925இல் சட்ட நிரூபண சபைக்குப் போனார். அங்கே ஆங்கிலத்தில் வாதாடினார், தோட்டத்தில் தமிழில் பேச வேண்டும். ஆனால் தோட்டத்துக்குள் போக விட்டால்தானே! தோட்டம் துரைமாருடைய தனியார் நிலம். வெளியாள் லயத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. அவர் புடைவை வியாபாரி வேசத்தில் உள்ளே போய் வந்த கதை அதனால்தான் இன்றுவரை சொல்லப்படுகிறது. எங்களுக்கு அது வீரக் கதையாக மட்டும் படவில்லை. மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளை வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு, நாலு பேரிடம் சட்டத்தை எத்தனை நிமிடத்தில் சொல்லியிருப்பார்? அதுவும் திடீர்ப் பேச்சுத்தான்.

1931இல் அட்டனை மையமாக வைத்து அவர் தொழிற்சங்கம் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் செய்தி பாட்டாகப் போனால்தான் ஞாபகத்தில் நிற்கும் என்று அந்த இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு பெண் மேடையில் நின்று கூலிக்காரருக்காகப் பாடுவது அந்தக் காலத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை. எங்கள் பாடசாலை விவாத அணியில் தலைமை விவாதி எப்போதும் பொடியன்தான், பொம்பளைப் பிள்ளைகள் தொகுப்புரைக்குத்தான்.

பேச்சுக்கு அரசாங்கம் எவ்வளவு பயந்தது என்பதற்கு 1937ஐப் பார்க்கலாம். மடுல்கலை ரெலுகஸ் தோட்டத்தில் சின்னத்துரை வேலை பழக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், துரைமார் தொழிலாளரை நடத்துகிற விதம் பொறுக்காமல் வெளியேறி லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்தார். அந்த ஏப்ரலில் நாவலப்பிட்டியில் பெரிய கூட்டம், இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்தியாய வந்திருந்தார். அந்த மேடையில் பிரேஸ்கேர்டில் துரைமாருக்கு எதிராகப் பேசினார். அதே மாதம் நாடு கடத்தச் சொல்லி ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளை போட்டார். அவர் ஒளிந்துகொண்டார். மே மாதம் காலிமுகத்திடல் கூட்டத்தில் திடீரென்று மேடையில் தோன்றினார். கடைசியில் உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்றது. இந்தக் கதையை வாசித்தபோது எங்களுக்கு வந்த கேள்வி வேறு. வெள்ளைக்காரர் ஒருவர் பேசியதால் அது வழக்காகி, சட்டசபை விவாதமாகி, வரலாறாகிவிட்டது. பிரட்டுக்களத்தில் பேசி அன்றைக்கே பற்றுச்சீட்டு கொடுத்து வெளியேற்றப்பட்டவர்களின் பேச்சு எந்த ஏட்டில் இருக்கிறது?

சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. தகுதி பெற்ற தோட்டத்துச் சனத்திடம் வாக்குக் கேட்கவாவது யாரோ வந்து பேசத்தான் வேண்டியிருந்தது. 1936இல் அட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். தலவாக்கலையிலிருந்து போனவர் சி. வி. வேலுப்பிள்ளை, கவிஞர். அடுத்த வருசம் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கடுத்த வருசம் வாக்கும் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாக்கில்லாத சனத்தின் முன்னால் வந்து பேச எந்தக் கட்சிக்கு அவசரம்? மேடை சங்கத்தின் கைக்கு மட்டும் போனது. மே தினத்தில் தலைவர் பேசுவார், நாங்கள் கேட்போம். கேட்பதும் கைதட்டுவதும் ஒரு பழக்கமாக ஊறிவிட்டது என்பது எங்கள் எண்ணம். சங்கத்துக்காரர்கள் கோபிக்கக்கூடும்.

இப்போது பாடசாலைக்கு வருகிறோம். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. ஒரே கட்டிடம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்தது 1970களில். விவாதம் நடத்த ஒரு மேல் வகுப்பு வேண்டும், மேல் வகுப்புக்குப் பட்டணம் போக வேண்டும். அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியின் பெயர் மலையகத்தில் இவ்வளவு பெரிதானதற்கு அது ஒரு காரணம். அங்கே ஆசிரியராக இருந்து பிறகு அதிபரானவர் இர. சிவலிங்கம். 1960களின் மலையக இளைஞர் எழுச்சியைப் பற்றி எழுதுகிற பலரும் அவருடைய பேச்சில்தான் தொடங்குகிறார்கள். லயத்திலிருந்து வந்த பொடியன்களை எழுந்து நின்று பேச வைத்தவர், "நாங்கள் மலையகத்தார்" என்று கூச்சமில்லாமல் சொல்லப் பழக்கியவர் என்பது அவரிடம் படித்தவர்கள் சொல்வது. அவர்களில் பலர் ஆசிரியர்களாகி, தங்கள் வகுப்புகளில் மன்றம் நடத்தினார்கள். எங்கள் வெண்கட்டிப் பெட்டியும் அந்த வழியில் வந்ததாக இருக்கலாம்.

அதே காலத்தில் இன்னொரு காற்றும் அடித்தது. தமிழ்நாட்டில் அண்ணாவும் கருணாநிதியும் பேசிய அடுக்குமொழி புத்தகமாக, சினிமா வசனமாக இங்கே வந்தது. ஏ. இளஞ்செழியன் தலைமையிலான இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களில் கூட்டம் போட்டது. 1962இல் அரசாங்கம் அதைத் தடை செய்தது. கழகம் போனாலும் அடுக்குமொழி போகவில்லை. எங்கள் மன்றத்தில் "பண்பார்ந்த அவைத்தலைவர் அவர்களே, பாசமிகு ஆசான்களே" என்று மூச்சு விடாமல் தொடங்கினோமே, அது அந்தக் காற்றின் மிச்சம். கூனிக் குறுகி நின்றவனுக்கு அந்த நடை முதுகெலும்பு கொடுத்தது என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அதே நடைக்குள் "வாசல்", "பீலி", "அரைப்பேர்" போன்ற சொற்கள் நுழைய முடியாமல் போனது.

பேசக் கற்றவர்கள் எல்லாம் இங்கே இருக்கவும் இல்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தது. அந்த மக்களிடம் ஒருவரும் கருத்துக் கேட்கவில்லை. எதிரணியில் நின்று மறுத்துப் பேசியவனே அடுத்த தவணையில் தலைமன்னாருக்கு ரயிலேறிப் போன கதைகள் எங்கள் தாத்தாமாரிடம் இருக்கின்றன. இர. சிவலிங்கமும் பிற்காலத்தில் தமிழ்நாடு போய், நீலகிரியில் தாயகம் திரும்பியோர் மத்தியில் வேலை செய்தார். 1999இல் காலமானார். அவர் பெயரில் நினைவுப் பேருரைகள் நடக்கின்றன. அவருடைய பேச்சை நாங்கள் கேட்டவர்கள் வாயால்தான் அறிகிறோம்.

எங்கள் காலத்து விவாதத் தலைப்புகள் "கிராம வாழ்க்கையா நகர வாழ்க்கையா", "கைத்தொலைபேசி நன்மையா தீமையா" என்றுதான் இருந்தன. நாங்கள் கிராமமும் இல்லை நகரமும் இல்லை என்பதை இரண்டு அணியும் கவனிக்கவில்லை. ஒரு தடவை "தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டத்திலேயே வேலை செய்ய வேண்டும்" என்று தலைப்பு வைப்போம் என்று கேட்டோம். அது அரசியல், பிரச்சினை வரும் என்றார்கள். வெளியே ஒரு போட்டியில் நடுவர் ஒருவர், "கருத்து நல்லம், ஆனா தோட்டத்துப் பாணி தெரியுது" என்று எங்கள் அணிக்குச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது நாங்கள் அதைத் திட்டினோம், அடுத்த போட்டிக்கு அவர் சொன்னபடியே திருத்திக்கொண்டும் போனோம். அந்த முறை வென்றோம். அதுதான் இப்போது கூச்சமாக இருக்கிறது.

2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபா சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் கூடினார்கள். 1937இல் பிரேஸ்கேர்டில் திடீரென்று தோன்றிய அதே திடல். அங்கே மேடைக்குத் தலைவர்கள் வரவில்லை. கடையில், ஹோட்டலில் வேலை செய்கிற பொடியன்கள் ஒலிவாங்கி இல்லாமல் கத்தினார்கள். அந்தக் காணொளிகளை நாங்கள் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஒருத்தரும் "பண்பார்ந்த" என்று தொடங்கவில்லை. ஆயிரம் ரூபா சம்பளச் சபை வழியாக வந்து சேர 2021 ஆனது.

இதை எழுதுவதற்காக மன்றக் கூட்ட அறிக்கைக் கொப்பியைத் தேடிப் பிடித்தோம். அந்த வெள்ளிக்கிழமைக்கு இப்படி இருக்கிறது: "திடீர்ப் பேச்சு நிகழ்ச்சியில் மாணவி ஒருவர் 'என் வீட்டு முற்றம்' எனும் தலைப்பில் உரையாற்றினார். மழை காரணமாக விவாதம் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது." எழுதியது எங்களில் ஒருவர்தான். அவளிடமே கேட்டுப் பார்த்தோம். "மூணு நிமிசமா? பத்து நிமிசம் பேசின மாதிரி இருந்திச்சு" என்றாள். என்ன பேசினாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. நாங்கள்தான் சொன்னோம்.