புறாக் கூடும் பக்கத்து வீட்டுப் பூனையும்: ஒரு பழைய தீர்ப்பின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 9 மாணவன் ஒருவன் இடைவேளையில் என்னிடம் வந்தான். "சேர், பக்கத்து வீட்டுப் பூனை எங்கட புறாவெல்லாம் புடிக்குது. அதைக் கொன்றால் பாவமா?" என்று கேட்டான். என் கையில் திருத்த வேண்டிய தாள்கள் ஒரு கட்டு. "பிறகு சொல்றன் மகன்" என்றேன். மறந்தும் போனேன்.

பத்து நாளில் அந்தப் பூனை வடிகானுக்குள் செத்துக் கிடந்தது. மீன் தலைக்குள் எலிப்பாஷாணம். யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. இருபது வருடமாக நோன்புக் கஞ்சி கொடுத்து வாங்கிய இரண்டு வீடுகள் இன்று முகம் பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் அன்று சொல்லாத பதில்தான் இந்தப் பதிவு.

பிராணிகளால் அயலவருக்கு வரும் சேதம் மனிதனுக்குப் புதிய வழக்கு அல்ல. சூரா அல் அன்பியாவில் ஒரு வழக்கு வருகிறது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் அடுத்தவர் விளைநிலத்தில் இறங்கி மேய்ந்துவிட்டன. தாவூத் (அலை) அவர்கள் ஆடுகளையே நிலக்காரருக்குக் கொடுக்கத் தீர்ப்பளித்தார்கள் என்றும், மகன் சுலைமான் (அலை) அவர்கள் வேறு வழி சொன்னார்கள் என்றும் தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். நிலக்காரர் ஆட்டின் பாலையும் கம்பளியையும் பயன்படுத்தட்டும். ஆட்டுக்காரர் நிலத்தைப் பண்படுத்தி, பயிரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். பிறகு அவரவர் பொருள் அவரவருக்கு. இதில் நட்டமும் தீர்ந்தது, ஆட்டுக்காரரின் பிழைப்பும் போகவில்லை.

மதீனாவிலும் இப்படி ஒன்று நடந்தது. பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவரின் தோட்டத்தில் புகுந்து சேதம் செய்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் பிராணியைக் காப்பது அதன் சொந்தக்காரர் பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அபூதாவூதில் இது பதிவாகியிருக்கிறது. பொறுப்பு இரண்டு பக்கத்துக்கும் பங்கு போடப்பட்டதைக் கவனியுங்கள்.

நம் கண்டி முஸ்லிம்களுக்கும் இது தூரத்து விஷயமாக இருந்திருக்காது. கண்டி மன்னர் காலத்தில் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவில் நம் முன்னோர் பலர் சேவை செய்தார்கள். பொதிமாடுகளில் கரையோரத்து உப்பை மலைக்கு ஏற்றி, மலைநாட்டுப் பாக்கைக் கீழே இறக்கினார்கள். வழி நெடுக அடுத்தவர் வயல்கள். மாட்டை அவிழ்த்துவிட்டுத் தூங்கிய ஒருவர் அந்த ஊர் வழியாக மறுபடி போயிருக்க முடியுமா?

ஆடு மாட்டுக்கு இரவு, பகல் என்று பிரிக்கலாம். பூனைக்கு எப்படிப் பிரிப்பது? அது கதவால் வருவதுமில்லை, நேரம் பார்ப்பதுமில்லை. 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்து 1277இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள், நம் ஷாபிஈ மத்ஹபின் மின்ஹாஜ் என்ற சட்ட நூலில் இதையே எடுத்துப் பேசுகிறார்கள். ஒரு பூனை பறவைகளையோ உணவையோ நாசம் செய்வது வழக்கம் என்று தெரிந்திருந்தால், மிகச் சரியான கருத்தின்படி, இரவானாலும் பகலானாலும் அதன் சொந்தக்காரர் நட்டஈடு கொடுக்க வேண்டும். அப்படி வழக்கம் இல்லாத பூனை ஒரு நாள் திடீரென்று செய்துவிட்டால் பொறுப்பு இல்லை. அதாவது, "என் பூனைதானே, அதுக்கு என்ன தெரியும்?" என்று புறாக்காரரிடம் சொல்வது முதல் தடவைக்கு மட்டும்தான் செல்லும்.

இதே வழக்கு 1926இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போனது. ஒருவரின் பூனை அயலவரின் 13 புறாக்களையும் 2 சிறு கோழிகளையும் கொன்றுவிட்டது. பறவையை வேட்டையாடுவது பூனையின் இயல்பு, அதற்குச் சொந்தக்காரர் பொறுப்பாளி அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. அறுநூறு வருடத்துக்கும் முன்னரே சிரியாவில் எழுதப்பட்ட சட்டம் புறாக்காரரின் பக்கத்தை இதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறது.

சரி, அந்த மாணவனின் கேள்வி? கொல்லலாமா?

இதிலும் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் குராசானில் ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவரும் இதே விஷயத்தில் வேறுபட்டார்கள். புறாவைப் பிடிக்கப் பாயும் பூனையை அந்த நேரத்தில் தடுக்கலாம், விரட்டலாம், இதில் பிரச்சினை இல்லை. ஆனால் அது சும்மா படுத்திருக்கும்போது கொல்லலாமா? கொல்லலாம் என்றார் மாணவர் காழீ ஹுஸைன். கூடாது என்றார் ஆசிரியர் அல்கஃப்பால். இமாம் நவவி தம் ரவ்ளா நூலில் ஆசிரியரின் கருத்தையே சரியானது என்று எடுத்தார்கள். அதற்கு அவர்கள் எழுதிய காரணம்தான் என்னை நிறுத்தியது: பூனையின் அந்தக் குணம் இடையில் வந்தது, அதிலிருந்து பாதுகாத்துக்கொள்வது இலேசானது.

பாதுகாத்துக்கொள்வது இலேசு. அதனால் கொல்ல வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் ஆடு மாட்டுக்குத்தான், பூனைக்கு அல்ல. ஆனால் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் பூனையும் அடங்கும். மிருகத்துக்கு அநாவசிய வேதனை கொடுப்பது குற்றம். அன்று விதித்த உச்ச அபராதம் 100 ரூபாய். தொகை சிறிதுதான், குற்றம் குற்றம்தான். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கில் ரூபாய் கிடையாது.

இலேசான வழிகள் எவை? கண்டியில் மேல் வீட்டு முற்றமும் கீழ் வீட்டுக் கூரையும் ஒரே மட்டம். மதில் உயர்த்திப் பயனில்லை. காக்க வேண்டிய பொருளைத்தான் காக்க வேண்டும்.

புறாக் கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். பெரிய கண் வலைக்குள் பூனையின் கை போகும். மஃரிபுக்கு முன் புறாவை அடைத்துக் கொண்டி போடுங்கள். பூச்செடிப் பாத்தியைக் கிளறினால், பூனை தேடுவது காய்ந்த, இளகிய மண்ணை என்று நினைவில் வையுங்கள். மண்ணை ஈரமாக வைத்து, மேலே எலுமிச்சை முள் கிளைகளைப் பரப்புங்கள். தோடம்பழத் தோல் வாசமும் பிடிக்காது, ஆனால் காய்ந்தால் மாற்ற வேண்டும். மீன் கழுவிய கழிவை மூடி வையுங்கள். வந்தால் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் தெளித்தால் போதும். சுடுதண்ணீர், பினாயில், பூச்சி உருண்டை, விஷம் எதுவும் வேண்டாம். விஷம் வைத்த மீன் தலையைக் காகம் தூக்கிப்போய் அடுத்த முற்றத்தில் போட்டால், அங்கே தவழ்வது ஒரு குழந்தையாகவும் இருக்கலாம்.

சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடுவதும் தீர்வல்ல. அது அங்கே பசியில் சாகும். இங்கே அந்த இடத்துக்கு வேறு பூனை வரும்.

பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கருத்தடை செய்த கடுவன் அலைவதும் மூத்திரம் அடிப்பதும் குறையும். மிருக வைத்தியரிடம் கேளுங்கள், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் போதனா வைத்தியசாலையே இருக்கிறது. வயிறு நிறையக் கொடுங்கள், இரவில் உள்ளே வையுங்கள். ஆனாலும் வயிறு நிறைந்த பூனையும் புறாவைப் பிடிக்கும். பிடித்துவிட்டால் அயலவர் கேட்கும் முன் நீங்களே போய்ப் புறாவின் விலையைக் கொடுங்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் குறைந்தது அதுதான்.

என் உம்மும்மாவின் குசினியில் ஓர் உறி தொங்கியது. பொரித்த மீன் சட்டி அதில்தான். கீழே இரண்டு பூனை உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருக்கும். சாப்பிட்டு முடிந்ததும் முள்ளை அவற்றுக்குப் போடுவார். அல்கஃப்பாலின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

திங்கட்கிழமை அந்த மாணவனைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "வலை ஒரு அடி என்ன விலை சேர்?" என்றான். இந்த வெள்ளி ஜுமுஆவுக்குப் பிறகு வலை அடிக்கப் போகிறோம். கீழ் வீட்டுத் தாத்தாவிடமும் போய் ஸலாம் சொல்ல வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். நானும் கூடப் போவேன். துஆச் செய்யுங்கள்.